சந்திரனைத் தொழும் ஆங்கிலேயர்

1944-ம் வருஷம் மார்ச்சு மாதம். உலக யுத்தம் உச்ச நிலையில் இருந்த சமயம். பிரான்ஸ் தேசத்துக் கரையில் படைகளை இறக்குவதற்கு இங்கிலாந்தில் இரவு பகலாக ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அதே மாதத்தில் லண்டன் மாநகரிலே, 'ஓல்டு பெய்லி' என்னும் பிரசித்தி பெற்ற நீதிஸ்தலத்தில், ஒரு விசித்திர வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் நின்றவர் ஹெலன் டங்கன் என்ற ஸ்காட்லாந்து மாது. இறந்தோரின் ஆவிகளை வரவழைத்துக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டங்கள் நடத்தியவர் அவர். அவரைத் தண்டிப்பதற்காக ஸர்க்கார் வக்கீல்கள் தேடிப் பிடித்த சட்டம் எது தெரியுமா? 1735-ம் வருஷத்துச் சூனியச் சட்டம்! இருநூறு வருஷத்துப் புழுதியைத் தட்டி எடுத்த அந்தச் சட்டத்தின்படி அம்மாதுக்கு 9 மாதச் சிறைவாசம் கிடைத்தது. செய்தி அறிந்த பிரதம மந்திரி சர்ச்சில், இந்தக் கேலிக்கூத்துக்குப் பொதுப் பணம் எவ்வளவு செலவாயிற்று என்று உள்நாட்டு மந்திரியைக் கேட்டு எழுதினார்.

அந்த வழக்கினால் எழுந்த பேச்சு அந்தப் பழைய சட்டத்துக்கே உலை வைத்தது. 1951-ல் பார்லிமெண்டு அதை ரத்துச் செய்தது. ரத்தான மூன்றாம் வருஷத்தில் எழுபது வயது முதியவர் ஒருவர், 'இக்காலச் சூனியம்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு புத்தகம் வெளியிட்டார். கிறிஸ்து மதம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் இருந்த பழைய சமயம் அழிந்துவிடவில்லை, அது மறைவாக வாழ்ந்து வருகிறது, அதன் அடியார்களை நான் நேரில் அறிவேன் என்று அவர் அதில் எழுதினார். அம்முதியவரின் பெயர் ஜெரால்டு கார்ட்னர். அவர் வெளிப்படுத்திய சமயத்துக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் 'விக்கா'.

நம் தேசத்தை ஆண்ட காலத்தில் ஆங்கிலேயர் நமக்கு எத்தனையோ உபதேசங்கள் செய்தார்கள். நமது கிராம தேவதைகளின் வழிபாட்டைப் 'பேய் வணக்கம்' என்று அவர்களுடைய பாதிரிமார்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். அந்த ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலேயே, படித்த ஆண்களும் பெண்களும் பௌர்ணமி இரவில் விளக்கேற்றித் தூபமிட்டுத் தேவியைத் தொழுகிறார்கள் என்றால் நம்மவர்களுக்குப் புன்னகை வருவது இயல்புதான். ஆனால் புன்னகையோடு நின்றுவிடலாகாது. இந்தச் சமயத்தின் கதைக்குள்ளே எல்லா மதத்தினரும் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு மதத்துக்கு மதிப்பைத் தருவது அதன் வயதா? அல்லது அதை அநுசரிப்போரின் வாழ்வா?

பெயரிலுள்ள பழி

'விக்கா' என்பது பழைய ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறித்த சொல். சூனியக்காரியைக் குறிக்கும் 'விட்ச்' என்ற இக்காலச் சொல்லும் அதன் வழி வந்ததே. அச்சொல்லின் பின்னே இரத்தக் கறை படிந்த சரித்திரம் ஒன்று உண்டு. 15-ம் நூற்றாண்டு முதல் 18-ம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாமென்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாடு மடிந்தாலும், பயிர் கருகினாலும், குழந்தைக்கு இழுப்புக் கண்டாலும், ஊர்க்கோடியில் தனித்து வாழ்ந்த கிழவியின் தலையில் பழி விழுந்தது. 1612-ம் வருஷம் லங்காஷயர் ஜில்லாவில் பெண்டில் மலைப் பக்கத்து வழக்குகளில் 10 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒரு தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னவள், ஏறக்குறைய 9 வயது நிரம்பிய அவளுடைய சொந்த மகள்! சின்னஞ் சிறுமியாகையால் அவளை மேஜை மீது ஏற்றி நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

1735-ம் வருஷத்துச் சட்டம் வந்தபோதுதான் இந்தக் கொடுமை சட்டப்படி ஓய்ந்தது. சூனியம் என்பது பொய். ஆகவே சூனியம் வைத்ததற்காக ஒருவரையும் தண்டிக்கலாகாது. ஆனால் மந்திர சக்தி உண்டென்று பாசாங்கு செய்பவரை ஒரு வருஷம் வரை சிறையில் அடைக்கலாம் என்பது அதன் சாரம். ஹெலன் டங்கன் அகப்பட்டதும் இந்தப் பாசாங்கு விதியில்தான்.

இத்தகைய பழிச் சொல்லைக் கார்ட்னரும் அவர் வழி வந்தவர்களும் வலிய எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். தூக்குமேடை ஏறியவர்களைத் தங்கள் முன்னோரென்று கொண்டாடினார்கள். அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இலங்கையிலிருந்து நியூ பாரஸ்ட் வரை

கார்ட்னரின் வாழ்க்கை நமக்கு அறவே அந்நியமானதன்று. 1884-ல் லிவர்பூலுக்கு அருகே, மர வியாபாரத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே இரைப்பு நோய். ஆதலால் பள்ளிக்கூடம் போகாமல், தாதியின் துணையுடன் வெப்ப நாடுகளில் வளர்ந்தார். 1900-ல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். தமிழ்த் தொழிலாளரின் வியர்வையால் விளைந்த தோட்டங்கள் அவை. பிறகு போர்னியோவுக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்து, முடிவில் மலாய் நாட்டுச் சுங்க இலாகாவில் உத்தியோகஸ்தரானார். போர்னியோவின் டயாக் மக்கள் ஆவிகளை அழைக்கும் சடங்குகளை அருகிலிருந்து கவனித்தார். மலாய்க்காரரின் 'கிரிஸ்' என்னும் குத்துவாளைப் பற்றி ஆராய்ந்து 1936-ல் ஒரு நூலும் வெளியிட்டார். அந்த வருஷமே உத்தியோகத்திலிருந்து விலகித் தாய்நாடு திரும்பினார்.

தென் இங்கிலாந்தில் நியூ பாரஸ்ட் என்ற பழைய வனத்துக்குப் பக்கத்தில் அவர் குடியேறினார். அங்கே கிறைஸ்ட்சர்ச் என்னும் ஊரில், ஞான விஷயங்களை நாடகமாக ஆடிக் காட்டும் சங்கம் ஒன்று இருந்தது. அதில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர் மேபல் பெஸண்டு ஸ்காட் அம்மையார். 1917-ல் கல்கத்தாக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த நமது அன்னி பெஸண்டு அம்மையாரின் குமாரிதான் அவர்! அடையாற்றுப் பிரும்மஞான சபையின் காற்று அந்த ஊர் வரை வீசியிருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம். கர்மம், மறுபிறவி ஆகிய நம் நாட்டுக் கருத்துக்கள் மேனாட்டு வீடுகளுக்குள் புகுந்ததில் பிரும்மஞான நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நாடக சங்கத்தில் அறிமுகமான சிலர் 1939 செப்டம்பரில் தம்மைப் பழைய சமயத்தில் சேர்த்துக்கொண்டதாகக் கார்ட்னர் கூறினார். மறு வருஷம் ஹிட்லரின் படை கடல் கடந்து வரும் என்று நாடே அஞ்சியிருந்தபோது, அந்த வனத்தின் நடுவே இரவில் கூடி, 'நீ கடலைத் தாண்ட முடியாது' என்ற எண்ணத்தை ஹிட்லரின் மனத்தில் ஏற்றச் சடங்கு செய்ததாகவும் சொன்னார். கதை சுவையானது; ஆனால் சாட்சி அவருடைய வாக்கு மட்டுமே. வாங்காத கல்விப் பட்டங்களை வாங்கியதாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர் என்பதையும் வாசகர்கள் மறக்கலாகாது.

தேவியும் தேவனும்

விக்கர்கள் எதை நம்புகிறார்கள்? இயற்கை முழுவதும் தெய்வீகம் என்பது அவர்களுடைய அடிப்படை. தெய்வத்தை அவர்கள் பெண்ணாகவும் ஆணாகவும் வணங்குகிறார்கள். தேவிக்குச் சந்திரன் அடையாளம். வளர்பிறையில் கன்னியாகவும், பௌர்ணமியில் தாயாகவும், தேய்பிறையில் ஞானம் முதிர்ந்த கிழவியாகவும் அவளைப் பாவிப்போர் பலர். தேவனுக்கு மான் கொம்பு போன்ற கொம்புகள் உண்டு. காட்டுக்கும் விலங்குகளுக்கும் அவன் தலைவன். கொம்பைக் கண்ட கிறிஸ்தவர்கள் 'இதோ சாத்தான்!' என்றார்கள். சாத்தான் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கையில் இருப்பவன். விக்கர்களுக்கு அவன் மீது நம்பிக்கையே இல்லை. நம்பாத ஒருவனை வணங்குவது எப்படி?

அவர்களுக்குத் தீர்க்கதரிசியும் இல்லை, எல்லாருக்கும் பொதுவான வேதமும் இல்லை, போப்பரசரைப் போன்ற தலைமைக் குருவும் இல்லை. ஒழுக்கத்துக்கு அடிப்படையாகப் பெரும்பாலோர் கொண்டிருப்பது ஒரே விதி: ஒருவருக்கும் தீங்கு நேராதவரையில் உன் மனம் விரும்பியதைச் செய்யலாம். கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பது கடினம். தீங்கு நேராத செயல் எது என்று ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து, தாமே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறதல்லவா? செய்த நன்மையும் தீமையும் மும்மடங்காகத் திரும்பி வரும் என்று நம்புவோரும் உண்டு. 'கர்மா' என்ற நம் சொல்லையே வழங்குவோரும், மறுபிறவியை நம்புவோரும் அவர்களில் அநேகர்.

மந்திரம் செய்வதில் அவர்களுக்கு நம்பிக்கை உண்டு. மனத்தை ஒருமுகப்படுத்தினால் காரியங்களின் போக்கை மாற்றலாமென்பது அவர்கள் கருத்து. நோய் தீரவும் மன அமைதி பெறவும் அதைச் செய்கிறார்கள். அது பலிக்குமென்பதற்கு விஞ்ஞானம் சான்று கூறவில்லை. மருந்தை விட்டு மந்திரத்தை நாடுவது எந்த நாட்டிலும் ஆபத்துத்தான்.

வட்டத்துக்குள்ளே

கோயில் என்று அவர்களுக்குக் கட்டடம் வேண்டியதில்லை. வனத்திலோ, தோட்டத்திலோ, வீட்டுக் கூடத்திலோ தரையில் ஒரு வட்டம் அமைப்பார்கள். கார்ட்னர் வகுத்த முறையில் அதன் குறுக்களவு 9 அடி. கறுப்புப் பிடி போட்ட 'அதாமே' என்னும் கத்தியைக் காற்றில் நீட்டிக் குருவம்மை அந்த வட்டத்தை வரைவாள். அந்தக் கத்தி எதையும் வெட்டுவதற்கு ஏற்பட்டதன்று. கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு மண் என்று நான்கு திசைகளையும் அழைப்பார்கள். வட்டத்துக்குள் வலமாகவே சுற்றுவார்கள். நமது பிரதக்ஷிணத்தை எண்ணிக்கொண்டால் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பௌர்ணமியன்று 'சந்திரனை இறக்குதல்' என்றொரு சடங்கு. தேவி தன் மீது இறங்கும்படி குருவம்மை நிற்க, குருவானவர் வேண்டிக்கொள்வார். பிறகு அவள் வாயால் தேவியே பேசுவதாகக் கருதி அனைவரும் கேட்பார்கள். மாரியம்மன் கோயிலில் அருள் வந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. கடைசியில் அப்பமும் திராட்சை மதுவும் நிவேதித்துப் பகிர்ந்து உண்டு வட்டத்தைக் கலைப்பார்கள்.

'கவன்' எனப்படும் சிறு குழுவில் 13 பேர் இருக்க வேண்டுமென்பது பழைய மரபு; உண்மையில் குறைந்தவர்களே இருப்பது வழக்கம். தீக்ஷையில் மூன்று படிகள். சடங்கு முறைகளைக் குருவின் ஏட்டிலிருந்து சீடர் கையால் எழுதிக்கொள்வார். அந்த ஏட்டுக்கு 'நிழல்களின் புத்தகம்' என்று பெயர். கார்ட்னரின் முறையில் ஆடையின்றி வழிபடும் வழக்கமும் உண்டு. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இதைத்தான்! அதற்கு அவர்கள் இட்ட பெயருக்கு 'வானையே உடுத்தவர்' என்று பொருள். ஜைன திகம்பரரை நாம் நினைத்துக்கொள்ளலாம். அங்கி அணிந்து வழிபடும் குழுக்களும் அநேகம்.

வருஷத்தில் எட்டுத் திருநாள்கள். கதிரவன் தெற்கெல்லையையும் வடக்கெல்லையையும் தொடும் நாள்கள் இரண்டு. இரவும் பகலும் சமமாகும் நாள்கள் இரண்டு. அவற்றுக்கு இடையே பெப்ரவரித் தொடக்கம், மே முதல் தேதி, ஆகஸ்டு முதல் தேதி, அக்டோபர் 31 ஆகிய நான்கு. அக்டோபர் 31-ல் வரும் 'ஸவின்' நாளில் இறந்தோரை நினைந்து விளக்கேற்றுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பருவங்கள் தலைகீழாக இருப்பதால், அங்குள்ள விக்கர்களில் பலர் அதே அக்டோபர் 31-ல் வசந்த விழாக் கொண்டாடுகிறார்கள். பஞ்சாங்கத்தைக் காட்டிலும் கண்முன் உள்ள மரத்தின் தளிரே அவர்களுக்குப் பெரிது.

வயது என்ன?

இனி, இந்தச் சமயம் எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு வருவோம். கார்ட்னரின் புத்தகத்துக்கு முகவுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே என்ற பேராசிரியை. எகிப்தியப் புராதன ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இந்த அம்மையார் 1863-ல் நமது கல்கத்தாவில் பிறந்தவர். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் கிறிஸ்துவுக்கு முந்திய பழைய மதம் ஒன்றின் அடியார்களே என்று 1921-ல் அவர் ஒரு நூல் எழுதினார். கார்ட்னர் தம் சமயத்துக்குக் கொண்டாடிய பழமையெல்லாம் அந்த நூலை ஆதாரமாகக் கொண்டதே.

பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் நீதிமன்ற ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். மர்ரே அம்மையார் தமக்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்பது வெளியாயிற்று. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதா கோயிலுக்குச் சென்று வந்த சாதாரணக் கிறிஸ்தவர்கள். இரகசிய மதம் எதுவும் அவர்களுக்கு இல்லை. 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள் என்று விக்கர்களிடையே நெடுநாள் வழங்கிய கணக்கும் ஆதாரமற்றது. 1999-ல் ரொனால்டு ஹட்டன் என்ற ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் வெளியிட்ட விரிவான நூல், விக்கா 20-ம் நூற்றாண்டில் உருவான மதமே என்று நிலைநாட்டியது.

டோரீன் வாலியண்டி என்ற பெண்மணி இதில் ஒரு பகுதியை நெடுநாளைக்கு முன்பே கண்டுகொண்டார். 1953-ல் கார்ட்னரிடம் தீக்ஷை பெற்ற அவர், 'நிழல்களின் புத்தக'த்தைப் படித்தபோது, அலிஸ்டர் குரோலி என்னும் இக்கால மந்திரவாதியின் எழுத்துக்கள் அதில் கலந்திருப்பதை அடையாளம் கண்டு கார்ட்னரிடமே கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகள்தாம், இடைவெளிகளைத் தாமே நிரப்பியதாக அவர் ஒப்புக்கொண்டு, 'உன்னால் முடிந்தால் இதைவிட நன்றாகச் செய்' என்றார். வாலியண்டி அம்மையார் அப்படியே செய்தார். விக்கர்கள் இன்று உருகிப் போற்றும் தேவியின் திருவாக்கு அவர் புதிதாக அமைத்த வடிவமே.

கட்டடத்தின் அஸ்திவாரம் பெயர்ந்தால் கட்டடம் விழ வேண்டுமே? விழவில்லை! சிலர் ஹட்டனிடம் சினந்தார்கள். பலரோ, எங்கள் மதம் புதியதுதான், ஆனாலும் அது எங்களுக்கு உண்மையானது என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ம் வருஷத்து ஜனக் கணக்கில், தங்கள் மதம் விக்கா என்று எழுதியவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். இயற்கைத் தெய்வங்களை வழிபடும் பேகன்கள் என்று எழுதியவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் பழங்கதையை மட்டும் நம்பி வந்தவர்களானால், கதை கலைந்ததும் கூட்டமும் கலைந்திருக்குமல்லவா?

கல்லில் ஒரு நட்சத்திரம்

1960-க்குப் பின் விக்கா அமெரிக்காவில் வேகமாகப் பரவிற்று. 1986-ல் அங்கே ஓர் அப்பீல் நீதிமன்றம், ஒரு கைதியின் வழக்கில், விக்காவும் சட்டத்தின் பாதுகாப்புக்குரிய மதமே என்று தீர்ப்புக் கூறியது. ஆனால் அவர் கேட்ட பூஜைப் பொருள்களைச் சிறைக்குள் வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. மதத்தின் உரிமையையும் சிறையின் பாதுகாப்பையும் வேறு வேறாக நிறுத்துப் பார்த்த தீர்ப்பு அது.

இதைவிட மனத்தை உருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. 2005-ல் ஆப்கானிஸ்தானத்தில் நெவாடா மாகாணத்தைச் சேர்ந்த படை வீரர் ஒருவர் போரில் மாண்டார். அவர் விக்கர். தேசத்துக்காக உயிர் நீத்தவர்களின் நினைவுக் கல்லில் அவரவர் மதச் சின்னத்தைப் பொறிப்பது அமெரிக்க ஸர்க்காரின் வழக்கம். சிலுவைக்கு இடமுண்டு, பிறைக்கு இடமுண்டு, கடவுள் இல்லை என்பவர்களுக்குக்கூட ஒரு சின்னம் உண்டு. ஆனால் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்த விக்கர் சின்னத்துக்கு மட்டும் இடமில்லை. அது ஸர்க்காரின் ஜாபிதாவில் சேரவில்லை! விக்கர்கள் வருஷக்கணக்காக மனுச் செய்திருந்தும் பதில் இல்லை. வீரரின் விதவை மனைவி விடவில்லை. வேறு குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. வழக்குத் தொடர்ந்தார்கள். 2007 ஏப்ரலில் ஸர்க்கார் இணங்கியது. நட்சத்திரம் கல்லில் ஏறிற்று.

அந்தப் பெண்மணிக்கு மார்கரெட் மர்ரே சொன்னது சரியா தவறா என்பதில் அக்கறை இருந்திருக்க வேண்டியதில்லை. தம் கணவர் எந்த நம்பிக்கையோடு வாழ்ந்தாரோ அந்த நம்பிக்கையின் அடையாளம் அவர் கல்லின் மேல் இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. மதத்தின் மதிப்பு அதன் வயதில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு விடை வேண்டுமா? பழமை இருந்தால் பெருமைதான். ஆனால் பொய்ப் பழமை எந்த மதத்துக்கும் அலங்காரமாகாது. நமக்கும் இது பொருந்தும். நாம் போற்றும் ஒன்றுக்கு ஆயிரம் வருஷம் கூட்டிச் சொன்னால்தான் அது உயர்ந்ததாகுமென்று எண்ணுவது அதன் உள்ளார்ந்த மதிப்பில் நமக்கே நம்பிக்கை இல்லை என்று காட்டுவதாகும்.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பழைய பெயரை இன்று மக்கள் விரும்பிச் சூடிக்கொள்கிறார்கள். நமது பாரத தேசத்திலோ, ஜார்க்கண்டு, பிஹார், அஸ்ஸாம் முதலிய பிராந்தியங்களின் கிராமங்களில், சூனியக்காரி என்று ஊரார் பட்டம் கட்டிய பெண்கள் அடித்தும் கொன்றும் வதைக்கப்படுகிறார்கள். அநேக சமயங்களில் விதவையின் நிலத்தின் மீதுள்ள ஆசையே அந்தப் பழிக்குக் காரணம். பிஹாரில் 1999-லும், ஜார்க்கண்டில் 2001-லும் இதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் வந்தன. சட்டங்கள் வந்தும் கொடுமை அடியோடு ஒழியவில்லை. தான் விரும்பி ஏற்ற நம்பிக்கையின் சின்னத்தைக் கல்லறையில் பொறித்துக்கொள்ள ஒருத்திக்கு உரிமை வேண்டும். விரும்பாத பெயரை ஏழைப் பெண்ணின் மீது வீசுகிறவனுக்குத் தண்டனை வேண்டும். இரண்டும் ஒரே நீதியைச் சேர்ந்தவை. முன்னதை அவர்கள் போராடிப் பெற்றுவிட்டார்கள். பின்னதை நாம் இன்னும் முழுமையாகப் பெறவில்லை.